மகள் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறாள்: இறங்கியதும் எந்த அலுவலகத்துக்கு முதலில் போக வேண்டும்?

கேள்வி: கோத்தகிரித் தந்தை

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போகும் வழியில் ஒரு சிற்றூரில் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். பறிக்கும் இலையைத் தொழிற்சாலைக்குப் போட்டு வரும் வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறது. என் மகளுக்கு ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்க விடும் முடக்குக் கணக்கில் பணம் கட்டியாயிற்று, விசாவும் வந்துவிட்டது. செப்டம்பர் கடைசி வாரத்தில் புறப்படுகிறாள். எங்கள் உறவில் கடல் கடந்து படிக்கப் போகும் முதல் பிள்ளை இவள்தான் என்பதால், அனுபவப்பட்டவர் என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை.

இதுவரையில் நடந்த வேலைகளை ஓர் ஆலோசனை நிறுவனம் பார்த்துக்கொண்டது. அங்கே போய் இறங்கிய பிறகு செய்ய வேண்டியவை என்று அவர்கள் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் நகரப் பதிவு, மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, பல்கலைக்கழகச் சேர்க்கை, தங்கும் அனுமதி என்று ஐந்து வேலைகள் எழுதியிருக்கின்றன. நானும் மகளும் இரண்டு இரவு உட்கார்ந்து அதைப் படித்துப் பார்த்தோம். வங்கிக்கு முகவரிப் பதிவு வேண்டும், தங்கும் அனுமதிக்கு வங்கிக் கணக்கும் காப்பீடும் சேர்க்கைச் சான்றும் வேண்டும், சேர்க்கைக்குக் காப்பீடு வேண்டும் என்று ஒவ்வொன்றும் அடுத்ததைக் காட்டுகிறதே தவிர, எதில் தொடங்குவது என்பது எங்களுக்கு விளங்கவில்லை. நிறுவனத்தைக் கேட்டால், போனால் தானாகத் தெரிந்துவிடும் என்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் தனியாக நிற்கப் போகும் பிள்ளைக்கு அந்தப் பதில் போதாது.

ஆகையால், அங்கே படித்தவர்களும் பிள்ளைகளை அனுப்பியவர்களும் தயவுசெய்து இந்த வேலைகளின் வரிசையைச் சொல்லுங்கள். அவற்றில் எதையெல்லாம் இங்கிருந்தே செய்து முடிக்கலாம், முதல் சில வாரங்களுக்குக் கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும், எந்த இடத்தில் பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறுகிறார்கள் என்பதையும் விவரமாக எழுதினால், அச்செடுத்து அவள் பையில் வைத்து அனுப்புவேன்.

பதில் 1: குன்னூரிலிருந்து கெம்னிட்ஸ்

வணக்கம் ஐயா. எனக்குச் சொந்த ஊர் குன்னூர். இரண்டு ஆண்டுகளாகக் கெம்னிட்ஸில் படிக்கிறேன். தங்கையின் பயணம் நல்லபடியாக அமையட்டும்.

அந்தத் தாளில் உள்ள ஐந்து வேலைகளும் ஒன்றையொன்று சுற்றுவது போலத் தெரிந்தாலும் அந்தச் சங்கிலிக்கு ஒரு முனை இருக்கிறது. அது வீட்டு உரிமையாளரின் கையெழுத்து. ஜெர்மனியில் ஒருவர் ஒரு வீட்டில் குடியேறியதும் இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் தம் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவுக்கு ஆன்மெல்டுங் என்று பெயர், அதைச் செய்யும் அலுவலகத்தைப் பல நகரங்களில் பியுர்கர்ஆம்ட் என்பார்கள். அங்கே பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டினால் பதிவு நடக்காது. இன்னார் இன்ன தேதியில் என் வீட்டில் குடிவந்தார் என்று உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு பக்கச் சான்றும் வேண்டும். 2015 நவம்பர் முதல் இந்தச் சான்று கட்டாயமாக இருக்கிறது. வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங் என்ற அந்த நீண்ட சொல்லைத் தங்கை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு காட்டினால் போதும். வாடகை ஒப்பந்தம் வேறு, இந்தச் சான்று வேறு. ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனவே நான் கேட்கும் முதல் கேள்வி, தங்கைக்கு நிரந்தர முகவரி உறுதியாகிவிட்டதா என்பதுதான். மாணவர் விடுதியில் அறை கிடைத்திருந்தால் கவலை இல்லை, சான்றை அவர்களே கொடுத்துவிடுவார்கள். சில நாள் தங்குவதற்காக எடுக்கும் ஓட்டல் அறைக்கும் இணையத்தில் பிடிக்கும் தற்காலிக வீட்டுக்கும் பெரும்பாலும் இந்தச் சான்று கிடைக்காது. அது கிடைக்காதவரை மற்ற வேலைகள் இழுத்துக்கொண்டே போகும். வாடகை கொஞ்சம் கூடுதலானாலும், முகவரிப் பதிவுக்குச் சான்று தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு, தருவோம் என்று எழுத்தில் பதில் வந்த இடத்துக்கு மட்டும் முன்பணம் அனுப்புங்கள். அறையை நேரில் பார்ப்பதற்கு முன்பே முழுத் தொகையையும் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

விடுதியில் அறை கிடைத்திருந்தால் வந்து சேரும் கிழமையைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுங்கள். சாவி கொடுப்பவர் ஹௌஸ்மைஸ்டர் என்னும் கட்டடப் பொறுப்பாளர். பொதுவாக அவர் வேலை நாளில், குறித்த சில மணி நேரத்தில், முன்கூட்டியே நேரம் கேட்டு வருபவருக்குத்தான் சாவி தருவார். வெள்ளிக்கிழமை இரவு வந்து இறங்கினால் திங்கட்கிழமை வரை வெளியே தங்க நேரும். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் மூடியிருக்கும். திங்கள் முதல் புதன் வரை ஏதாவது ஒரு நாளில், பகலில் வந்து சேருமாறு பயணத்தை அமைப்பது நல்லது.

பதிவு செய்யும்போது ஒரு தாள் கொடுப்பார்கள். வங்கி, தங்கும் அனுமதி, நூலக அட்டை எல்லாவற்றுக்கும் அதைக் கேட்பார்கள் என்பதால் அன்றே நான்கு நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதிவு முடிந்த சில வாரங்களில் வருமான வரித் துறையின் மத்திய அலுவலகத்திலிருந்து பதினொரு இலக்க வரி எண் தபாலில் தானாக வரும். பகுதி நேர வேலைக்குச் சேர அந்த எண் வேண்டும். அதற்குத் தனியாக விண்ணப்பம் கிடையாது, தபாலில்தான் வரும்.

நான் தடுமாறியது இந்தத் தபாலில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம் ஊரில் வீட்டின் பெயரையும் அஞ்சல் நிலையத்தையும் எழுதினால் கடிதம் வந்துவிடும். வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார். இங்கே என்னுடைய கட்டடத்தைப் போன்ற பல மாடிக் கட்டடங்களில் வீடுகளுக்குக் கதவு எண்ணே கிடையாது. கீழே வாசலுக்கு உள்ளே தகரப் பெட்டிகள் வரிசையாக மாட்டியிருக்கும், ஒவ்வொன்றின் மேலும் சுண்டுவிரல் அகலத்தில் ஒரு பெயர்ச்சீட்டு சொருகியிருக்கும். தபால்காரர் உறையில் உள்ள குடும்பப் பெயரைப் பார்த்து, அதே பெயருள்ள பெட்டியில் போடுவார். அந்தப் பெயரில் பெட்டி இல்லாவிட்டால், ஆள் இல்லை என்று முத்திரை குத்திக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

நான் வந்த அன்றே பெட்டியில் என் பெயரை அழகாக எழுதிச் சொருகினேன். ஆனால் என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது என் அப்பாவின் பெயர். இங்குள்ள அலுவலகங்களைப் பொறுத்தவரை நான் அப்பாவின் பெயர் கொண்ட பெண்மணி, கடிதங்களும் அந்தப் பெயருக்கே வந்தன. வரி எண் கடிதம் திரும்பிப் போனது எனக்குத் தெரியாது. ஐந்து வாரம் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்து ஏமாந்தேன். அதற்குள் ஓர் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த வேலையில், வரி எண் கொடுக்காததால் மிக அதிகப் பிடித்தம் உள்ள ஆறாம் வரி வகுப்பில் என்னைச் சேர்த்து முதல் மாதச் சம்பளத்தைக் கொடுத்தார்கள். பிடித்த பணம் மறு ஆண்டு வரிக் கணக்கு தாக்கல் செய்த பிறகுதான் திரும்ப வந்தது. மேல்வீட்டில் இருந்த ஒரு பாட்டியம்மாள் என் பெட்டியையும் என் பல்கலைக்கழக அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இந்தப் பெயரை ஏன் எழுதவில்லை என்று விரலால் தட்டிக் காட்டிய பிறகே எனக்குக் காரணம் புரிந்தது. தங்கை வீட்டுக்குள் பெட்டியை இறக்கி வைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரை அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் ஒட்டுவது.

கைப்பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முடக்குக் கணக்கில் இருக்கும் பணம், இங்கே ஒரு நடப்புக் கணக்கு திறந்து அதன் எண்ணைக் கொடுத்த பிறகுதான் மாதம் 992 யூரோ என்ற கணக்கில் வரத் தொடங்கும். அதற்கு மூன்று வாரம்கூட ஆகலாம். முதல் மாத வாடகை, வாடகை முன்வைப்பு, பல்கலைக்கழகத்தின் அரையாண்டுக் கட்டணம் ஆகியவை அதற்குள் வந்து நிற்கும். அவற்றைக் கூட்டிப் பார்த்து, மேற்கொண்டு ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவையும் சேர்த்து அந்நியச் செலாவணிப் பயண அட்டையில் ஏற்றிக் கொடுங்கள். ரொக்கமாக இருநூறு முந்நூறு யூரோ போதும்.

பதில் 2: ஊட்டி, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

நண்பருக்கு வணக்கம். மேலே எழுதிய பெண் அங்கே நடப்பதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் இருந்தவன். பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன் இங்கே முடிக்க வேண்டியவற்றை எழுதுகிறேன். பெற்றோர் பலர் கோட்டை விடுவது இந்தப் பக்கத்தில்தான்.

முதலாவது, மகளின் கைப்பேசி எண். நம் வங்கிகள் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ரகசிய எண்ணை அந்தக் கைப்பேசிக்குத்தான் அனுப்புகின்றன. அந்த சிம் அங்கே வேலை செய்யாவிட்டால் பணம் இருந்தும் எடுக்க முடியாது. ஊரிலேயே அதற்கு வெளிநாட்டு ரோமிங் வசதியைப் போட்டு, குறைந்த கட்டணத் திட்டம் ஒன்றில் உயிரோடு வைத்திருங்கள். மகள் பெயரில் கல்விக் கடன் இருந்தால் இது மேலும் முக்கியம்.

இரண்டாவது, அவளுடைய சேமிப்புக் கணக்கு. படிப்பதற்காக வெளிநாடு போகும் மாணவர்களும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியராகவே கருதப்படுவர் என்று ரிசர்வ் வங்கி 2003-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே சாதாரணச் சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியர் இங்கே வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்வதே முறை. அவள் இங்கே இருக்கும்போதே கிளைக்கு அழைத்துச் சென்று விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டால், பின்னால் அங்கிருந்து தாள்களை அனுப்பும் அலைச்சல் இருக்காது.

மூன்றாவது, தங்களைப் போன்ற சிறு தேயிலை விவசாயிகளுக்கென்றே நான் சொல்ல விரும்புவது. முடக்குக் கணக்குக்கு ஓராண்டுத் தொகையாக 11,904 யூரோ அனுப்பியிருப்பீர்கள். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி வரி வசூலிக்க வேண்டும். வங்கி போன்ற நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து போன பணத்துக்கு இந்த வசூல் கிடையாது, சொந்தச் சேமிப்பிலிருந்து போன பணத்துக்கு உண்டு. யாருடைய பான் எண்ணில் பணம் போனதோ அவருடைய வரிக் கணக்கில் அந்தத் தொகை வரவு வைக்கப்பட்டிருக்கும். பச்சை இலையைத் தொழிற்சாலைக்குப் போட்டு வரும் வருமானம் விவசாய வருமானம் என்பதால் தங்களுக்கு வருமான வரி இல்லை. அதனால் நம் பக்கத்தில் பலர் கணக்கே தாக்கல் செய்வதில்லை. ஆனால் வசூலான பணம் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும், கேட்காதவருக்கு வராது. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 படிவம் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள், ஐடிஆர்-2 படிவம்தான் போட வேண்டும். ஜூலை 31-க்குள் ஒரு தணிக்கையாளரைப் பார்த்து முடித்துவிடுங்கள். வங்கியில் பணம் அனுப்பியபோது கொடுத்த ஏ2 படிவத்தின் நகலையும் ரசீதையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது மகளிடம் பண ஆதாரம் கேட்பார்கள், அப்போது அந்தக் கோப்பு மறுபடி உதவும்.

மேற்படி வேலைகளுக்காகக் கிளைக்குப் போகும் நாளில் மகளின் விசா நகல், சேர்க்கைக் கடிதம், இருவரின் பான் அட்டை ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பதில் 3: கூடலூர்க்காரர், லைப்ஸிக்

ஐயா, வணக்கம். ஏழு ஆண்டுகளுக்கு முன் மாணவனாக வந்து, இப்போது லைப்ஸிக்கில் வேலையில் இருக்கிறேன். குன்னூர்த் தங்கை எழுதியதில் ஒரு சிறு திருத்தம் மட்டும். வங்கிக் கணக்குக்கு ஆன்மெல்டுங் முடியும்வரை எல்லா இடத்திலும் காத்திருக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டையும் சேர்க்கைக் கடிதத்தையும் பார்த்துக் கணக்கைத் திறந்துவிட்டு, பதிவுச் சான்றைப் பிறகு கொடுங்கள் என்று சொல்லும் வங்கிகள் உண்டு. பதிவுக்கு நேரம் கிடைக்க நாளாகும் நகரங்களில் இதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

நான் எழுத வந்தது காப்பீட்டைப் பற்றி. தங்கள் மகள் எந்தக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறாள் என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். ஜெர்மனியில் அரசுச் சட்டத்தின் கீழ் இயங்கும் பொதுக் காப்பீடு ஒன்று, தனியார் காப்பீடு மற்றொன்று. முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவருக்குப் பொதுக் காப்பீட்டில் சலுகைக் கட்டணம் உண்டு. 2025 கணக்குப்படி அது மாதம் ஏறத்தாழ 140 முதல் 150 யூரோ வரை வரும். டேக்கா, ஆஓகா, பார்மர் என்று பல காப்பீட்டு நிறுவனங்கள் இருந்தாலும் அடிப்படைச் சேவை ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் தனியார் காப்பீட்டை வைத்துக்கொண்டு, பொதுக் காப்பீடு வேண்டாம் என்று விலக்குக் கடிதம் கொடுத்துவிட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை அவர் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது.

எனக்கு நடந்தது அதுதான். கோவையில் என் வேலைகளைப் பார்த்துக் கொடுத்த ஒரு முகவர், மாதம் முப்பது யூரோவுக்குள் காப்பீடு முடிந்துவிடும் என்று சொல்லி ஒரு தனியார் பாலிசியை வாங்கிக் கொடுத்தார். அதை நம்பி விலக்குக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். முதல் பனிக்காலத்தில் பல் வலி வந்து மருத்துவரிடம் போனபோது, அந்தப் பாலிசியில் பல் சிகிச்சைக்குத் தொடக்க வலி நிவாரணம் தவிர வேறெதுவும் இல்லை என்று தெரிந்தது. முழுச் செலவையும் கையிலிருந்து கட்டினேன். தங்கும் அனுமதிக்குப் போன இடத்தில் அதிகாரி அந்தப் பாலிசியை ஏற்காமல், முழுமையான காப்பீடு கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். பொதுக் காப்பீட்டின் கதவு அடைபட்டிருந்ததால், விலை கூடிய வேறொரு தனியார் பாலிசியை வாங்கிப் படிப்பு முடியும்வரை கட்டினேன். படிக்காமல் கையெழுத்திட்ட ஒரு தாளால் வந்த செலவு அது. ஆகவே விலக்கு என்ற பொருள் தரும் பெஃப்ரையுங் என்ற சொல் எந்தத் தாளில் இருந்தாலும் கையெழுத்திட வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள்.

அவள் பொதுக் காப்பீட்டில் சேர்ந்திருந்தால், சேர்க்கைக்கு வேண்டிய தகவலைக் காப்பீட்டு நிறுவனமே பல்கலைக்கழகத்துக்கு மின்வழியில் அனுப்பிவிடும், தாளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஆனால் ஓர் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். மாணவர் காப்பீடு பொதுவாக அரையாண்டு தொடங்கும் அக்டோபர் 1 முதல்தான் செல்லுபடியாகும். செப்டம்பர் கடைசி வாரத்தில் இறங்கும் பிள்ளைக்கு அந்தச் சில நாட்களுக்குப் பயணக் காப்பீடு இருக்க வேண்டும். விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீட்டின் தேதிகளைச் சரிபார்த்து, அக்டோபர் முதல் வாரம் வரை அது நீள்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

அடுத்து தங்கும் அனுமதி. விசாவில் ஒரு கடைசித் தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் அனுமதி அட்டை கைக்கு வந்தாக வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். தேதி முடிவதற்கு முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால் போதும், முடிவு தெரியும்வரை சட்டப்படி தங்கலாம். கேட்டால் ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலச் சான்று தருவார்கள். அந்தச் சான்றில் எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும். பழைய அனுமதி தொடர்வதாகக் கருதப்படும் என்ற கட்டத்தில் குறி இருந்தால்தான், இடையில் ஊருக்கு வந்து திரும்பவும் நுழைய முடியும். பொங்கலுக்கோ தங்கையின் கல்யாணத்துக்கோ வர நினைப்பவர்கள் இதைப் பார்க்காமல் பயணச்சீட்டு எடுத்துவிடுகிறார்கள். விண்ணப்பத்தை அக்டோபர் மாதத்திலேயே அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான மின்னஞ்சலை அச்செடுத்து வைத்துக்கொள்வது பாதுகாப்பு. முதல் அட்டைக்குக் கட்டணம் 100 யூரோ. 2025 மே முதல் அட்டைக்கான புகைப்படம் மின்வடிவில்தான் ஏற்கப்படுகிறது என்பதால், அதற்கென்று நம் ஊர் ஸ்டுடியோவில் படம் எடுத்துக் கொடுத்து அனுப்ப வேண்டியதில்லை.

பதிவு முடிந்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். வீட்டில் டிவி இல்லை, இது ஏமாற்று வேலை என்று நினைத்துக் கிழித்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அது உண்மையான கட்டணம். ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும், நான்கு பேர் சேர்ந்து தங்கினால் பகிர்ந்துகொள்ளலாம். உடன் தங்குபவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். பதிலே எழுதாவிட்டால் தாமதக் கட்டணம் சேர்ந்துகொண்டே போகும்.

மறுகேள்வி: கோத்தகிரித் தந்தை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு மாணவர் விடுதியில் அறை உறுதியாகிவிட்டது, காப்பீடும் பொதுக் காப்பீடுதான். வரிக் கணக்கைப் பற்றி ஊட்டி ஐயா சொன்ன பிறகுதான் எனக்குப் பணம் திரும்ப வரும் என்பதே தெரிந்தது. நாளை மறுநாள் கோத்தகிரியில் ஒரு தணிக்கையாளரைப் பார்க்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பெயர்ச்சீட்டைப் பற்றிப் படித்ததும் மகளின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது, அவள் பெயரும் என் பெயரும் ஒரே வரியில் சேர்ந்தே அச்சாகியிருக்கின்றன. புறப்படுவதற்குள் பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டுமா? இரண்டாவது, நகரப் பதிவுப் படிவத்தில் மதம் என்ற கட்டம் உண்டு, அதில் ஒன்றுமில்லை என்று எழுதினால் வரி மிச்சமாகும் என்று ஆலோசனை நிறுவனத்தில் சொன்னார்களாம். நாங்கள் பாசல் மிஷன் காலத்திலிருந்து திருச்சபையில் இருக்கும் குடும்பம். மகள் அப்படி எழுத மனம் ஒப்பவில்லை என்கிறாள். எழுதினால் என்ன ஆகும், எழுதாவிட்டால் என்ன ஆகும்?

பதில் 4: குன்னூரிலிருந்து கெம்னிட்ஸ்

ஐயா, பாஸ்போர்ட்டை இப்போது தொட வேண்டாம். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தரும் ஏபிஎஸ் சான்று, சேர்க்கைக் கடிதம், முடக்குக் கணக்கு, காப்பீடு, விசா எல்லாம் இப்போதுள்ள பெயரில்தான் இருக்கின்றன. பாஸ்போர்ட்டை மட்டும் மாற்றினால் மற்ற அனைத்துடனும் அது முரண்படும். மாற்றுவதாக இருந்தால் இந்த வேலைகளைத் தொடங்குவதற்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். இனிமேல் விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இதைப் படித்தால், ஏபிஎஸ்ஸுக்கு அனுப்பும் முன்பே கோவை பாஸ்போர்ட் அலுவலகத்தில் குடும்பப் பெயரைத் தனியாகப் பிரித்து மறுவெளியீடு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாததால், இந்த ஊர்ப் படிவங்களில் நாம் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தங்கை செய்ய வேண்டியது இதுதான். விசா ஒட்டியிருக்கும் பக்கத்தைத் திறந்து, அங்கே பெயர் எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறது என்று பார்க்கட்டும். முதல் நாள் ஆன்மெல்டுங் செய்யும்போது பாஸ்போர்ட்டையும் விசாவையும் சேர்த்துக் காட்டி, தன் பெயரைக் கணினியில் எப்படிப் பதிவு செய்தார்கள் என்று கொடுத்த தாளில் அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் மேசையை விட்டு நகரும் முன் சொல்லிவிட வேண்டும், அப்போது திருத்துவது ஒரு நிமிட வேலை. அந்தத் தாளில் குடும்பப் பெயர் என்று எது வந்திருக்கிறதோ, அதையே வங்கி, வரி, காப்பீடு, பல்கலைக்கழகம் எல்லா இடத்திலும் அப்படியே கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் தங்கள் பெயர், மற்றோரிடத்தில் அவள் பெயர் என்று மாறினால் கணினிகள் அவளை இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடும். பெயர்ச்சீட்டு எப்படி ஒட்டுவது என்ற சந்தேகம் தீரும்வரை இரண்டு பெயர்களையும் ஒரே சீட்டில் எழுதி ஒட்டலாம், அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

மதக் கட்டத்தைப் பற்றி: தங்கையின் மனம் சொல்வதே சரி, உண்மையை எழுதட்டும். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று பதிவு செய்தவர்களிடம் திருச்சபை வரி வசூலிக்கப்படுவது உண்மைதான். ஆனால் கெம்னிட்ஸ் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் அது வருமான வரியில் 9 விழுக்காடு. அதாவது சம்பளத்தில் 9 விழுக்காடு அல்ல, கட்ட வேண்டிய வருமான வரி எவ்வளவோ அதில் 9 விழுக்காடு. வருமான வரி இல்லை என்றால் திருச்சபை வரியும் இல்லை. 2025-இல் ஆண்டுக்கு 12,096 யூரோ வரை வருமானத்துக்கு வரி கிடையாது. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பில், பகுதி நேரம் வேலை செய்யும் பெரும்பாலான மாணவர்கள் அந்தத் தொகையை எட்டுவதில்லை. படிப்பு முடிந்து முழு நேர வேலைக்குப் போகும்போது அந்த வரி வரும். அப்போது அதை யோசித்து முடிவெடுக்க அவளுக்கு உரிமை உண்டு. சில நூறு யூரோ மிச்சம் என்று சொல்லி, அரசாங்கப் படிவத்தில் முதல் நாளே பொய் எழுதச் சொல்வது நல்ல ஆலோசனையாக எனக்குத் தெரியவில்லை.

விடுதி அறை உறுதியாகிவிட்டதால், இன்றைக்கே ஹௌஸ்மைஸ்டருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். வந்து சேரும் தேதி, ரயில் நிலையத்தில் இறங்கும் நேரம், சாவி வாங்க எத்தனை மணிக்கு வரலாம், முகவரிப் பதிவுக்கான உரிமையாளர் சான்றைச் சாவியோடு சேர்த்துத் தருவீர்களா என்ற நான்கையும் அதில் கேட்கட்டும். பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள். நான் இருக்கும் விடுதியிலிருந்து டிராம் வண்டியில் கால் மணி நேரத்தில் எந்த விடுதிக்கும் போய்விடலாம். அந்த நேரத்தில் எனக்கு வகுப்பு இல்லாவிட்டால் நானே ரயில் நிலையத்துக்கு வருகிறேன்.